ஒப்பாரி ஓட்டிய கார்

சித்தூர் ஜில்லாவில் ஒப்பாரியைப் போல வேகமாகக் கார் ஓட்டியவர் யாரும் கிடையாது. அவரைப் போலச் சாவுக்குப் பயந்தவரும் கிடையாது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருக்க முடியும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும்தான் கேட்டேன். பதில் முழுசாக விளங்குவதற்குள் பொதட்டூர்பேட்டைப் புளியமரத்தில் போய் மோதிவிட்டோம்.

திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. யுத்தம் முடிந்து, கரி எரித்து ஓடிய பஸ்கள் மறுபடி பெட்ரோலுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். நான் அங்கே ஜமீன்தார் மாதிரியான ஒரு மிட்டாதாருக்கு இங்கிலீஷ் கடிதங்களை டைப் அடித்துக் கொடுக்கும் உத்தியோகத்தில் இருந்தேன். எனக்கு இருபத்தெட்டு வயது. ஒரு மனைவி, இரண்டு குழந்தைகள், முழங்கை தேய்ந்த ஒரு கோட்டு. அதே மிட்டாதாரிடம் டிரைவராக இருந்தவர்தான் ஒப்பாரி. அவருடைய நிஜப் பெயர் சம்பளம் கொடுத்த மிட்டாதாருக்கே தெரியாது. நேரில் பார்த்தால் எல்லோருமே தெலுங்கில் 'பாவா', அதாவது அத்தான், என்போம். அக்காள் தங்கையோடு பிறக்காதவர்களுக்கும் அவர் பாவாதான். முதுகுக்குப் பின்னால் ஒப்பாரி.

காரணப் பெயர்தான். காலையில் பார்த்து, "சௌக்கியமா பாவா?" என்று கேட்டுவிட்டால் போச்சு.

"இன்னா சௌக்கியம். ராத்திரி பூரா மூச்சு வந்துகினு இருந்திச்சி. இப்பவும் வந்துகினுதான் கீது. சாயங்காலம் எப்டியோ, யாரு கண்டா?"

கல்யாண வீட்டுக்குப் போனால் முதலில் பந்தல்கால்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்ப்பார். ஒரு முறை மணமேடைக்கே போய் மாப்பிள்ளையின் காதில், "வடக்கால ஒரு காலு ஆடுது நைனா. தாலிய சட்டுனு கட்டிடு" என்று சொல்லிவிட்டார். அந்தப் பையன் கெட்டிமேளத்துக்குக் காத்திருக்காமல் முடிச்சைப் போட்டுவிட்டு மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மலைக்கு ஏறும்போது படிகளை எண்ணுவதற்குப் பதிலாக, எந்தப் படியில் வழுக்கினால் எதுவரை உருளுவோம் என்று எண்ணிக்கொண்டே ஏறுவார். அவரோடு சாமி தரிசனத்துக்குப் போனவர்கள் இரண்டாம் தடவை போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் மிட்டாதார் அந்தக் காரைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். கப்பலேறி ஊருக்குப் போன ஒரு துரையிடம் வாங்கியது. பச்சை நிறம். இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். மேல்கூரை கிடையாது. எதிரே மாடு வந்தால் அதன் முழங்கால்தான் நம் கண்ணுக்கு நேராக இருக்கும், அவ்வளவு தாழ்வு. மிட்டாதார் தமது அந்தஸ்துக்கு ஏற்றபடி அதன் மூக்கில் ஒரு வெள்ளி மயிலை நிறுத்தினார். இரண்டு பக்கமும் கொடி, முன்னால் பெயர்ப் பலகை, அதற்கு மேல் ஆளுயர மாலை. ஒப்பாரி ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்றிக் கொண்டுபோய்ப் பூஜை அறை வாசலில் வைத்துவிட்டார்.

"என் மயில் எங்கேடா?" என்று மிட்டாதார் கத்தினார்.

"மயிலு உள்ளார கீதுங்க. வெளிய இருந்தா காத்த புடிச்சி பின்னால இஸ்துகினு கீதுங்க."

மிட்டாதாருக்குப் புரியவில்லை. ஒப்பாரி என்னைக் கூப்பிட்டு ஒரு குடையை விரித்துக் கையில் கொடுத்து, அதை முன்னால் நீட்டிக்கொண்டு தெருக்கோடி வரை ஓடச் சொன்னார். ஓடினேன். பிறகு குடையை மடக்கிக்கொண்டு ஓடச் சொன்னார். அதையும் செய்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. "அதே ஆளு, அதே சோறு தின்ன காலு. எது சீக்கிரம் வந்திச்சின்னு நீங்களே சொல்லுங்க" என்றார் மிட்டாதாரிடம். இங்கிலீஷ் டைப் அடிக்கப் படித்தவன் அந்தத் தெருவில் அதற்குப் பிறகு தலை நிமிர்ந்து நடக்க ஒரு மாதம் ஆயிற்று.

டயரிலும் அவருக்கு ஒரு துக்கம் உண்டு. தினம் கன்னத்தை டயரோடு வைத்துப் பார்ப்பார், கட்டை விரலால் அழுத்துவார், கொஞ்சம் காற்றை இறக்குவார், மறுபடி ஏற்றுவார். "நாலு உள்ளங்கை அகலம்தான்பா பூமிய தொட்டுகினு கீது. மீதி வண்டியெல்லாம் மேல சும்மா குந்திகினு வருது. அந்த நாலு உள்ளங்கை உட்டுதுன்னா நம்ம கதை முடிஞ்சிது" என்பார். அதைக் கேட்ட நாளிலிருந்து அந்தக் காரில் ஏறும் முன் நானும் குனிந்து நாலு டயரையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

பந்தயம் வந்த விதத்தைச் சொல்கிறேன். மிட்டாதாரின் மச்சான் ஒருவர் பட்டணத்திலிருந்து வருவார். சினிமாக் கம்பெனியில் பணம் போட்டிருந்தவர். அவரிடம் கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு கார் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

"உங்க வண்டி பன்னெண்டு குதிரை மாமா. என்னுது முப்பது. இதுல போட்டின்னு பேச என்ன இருக்கு?"

கதவோரம் கை கட்டி நின்றிருந்த ஒப்பாரி தொண்டையைச் செருமினார். "மன்னிக்கணுங்க. ஓடுன்னா முப்பது குதிரையும் ஓடுங்க. நில்லுன்னா எத்தினி குதிரைங்க நிக்கும்?"

மிட்டாதார் சிரித்துவிட்டார். மச்சானுக்கு முகம் சிவந்தது. அந்தச் சிரிப்புத்தான் வினையாகப் போயிற்று. திருத்தணி மலையடிவாரத்தில் கிளம்பிப் பொதட்டூர்பேட்டை போய், ஊர் வாசலில் இருக்கும் புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரவேண்டும், தோற்றவர் வண்டி ஜெயித்தவருக்கு என்று பேச்சு முடிந்தது.

"இந்தப் பச்சை டப்பாவை வச்சு நான் என்ன பண்ணப்போறேன்? எங்க படத்துல ஒரு கார் மலையிலேர்ந்து உருளணும். உருட்டி விட்டுடறேன்" என்றார் மச்சான்.

ஒப்பாரி நேராகக் கொட்டகைக்குப் போய்க் காரைத் துடைக்க ஆரம்பித்தார். அவருக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. உலகத்தில் எல்லாவற்றையும் பற்றிப் புலம்பித் தீர்த்த மனிதர் அந்தக் காரிடம் மட்டும் நல்ல வார்த்தை பேசுவதை நான் ஒளிந்திருந்து கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதன் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "உன்ன உருட்டி உடுவானாமே. நான் உசுரோட இருக்க சொல்ல உருட்டுவானா?" என்றார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பந்தயத்தில் ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு பேர் போகவேண்டும் என்று ஏற்பாடு. ஒப்பாரி என்னைத்தான் கேட்டார். நான் ஒல்லி என்பதால் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். "எடை பெரிசில்லபா. நீ சொன்ன பேச்சு கேக்கற ஆளு. வளைவு வரசொல்ல உள்பக்கம் சாயணும். பயந்து வெளிய பாத்தின்னா ரெண்டு பேரும் ஏரில கெடப்போம்" என்றார்.

பந்தயத்துக்கு நான்கு நாள் முன்பு அந்த வழி முழுவதையும் என்னை நடக்க வைத்தார். அவர் ஒரு கையில் சுண்ணாம்பு வாளி, ஒரு கையில் மட்டை. நான் கோட்டும் குறிப்பு நோட்டுமாகக் காலடி எண்ணி எழுதிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, அங்கே நாங்கள் எப்படிச் சாவோம் என்று விவரமாகச் சொல்வார்.

"இங்க மணலு. வண்டி வழுக்கும். நான் ஸ்டேரிங்கு குத்தி போவேன். நீ அந்த முள்ளுச் செடியாண்ட கெடப்ப. உன் பொண்டாட்டி பெரியவன வலிச்சிகினு, சின்னத இடுப்புல வச்சிகினு ஓடியாரும்."

"பாவா, போதும் பாவா."

"போதும்னா ஆச்சா? எவ்ளோ தூரத்துக்கு முன்ன பிரேக்க மிதிச்சா சாவமாட்டோம்னு பாக்கணுமே." திருப்பத்திலிருந்து வந்த வழியே பின்னோக்கி நடந்து போவார், குனிந்து தரையைப் பார்ப்பார், ஒரு பெரிய கல்லை உருட்டி ரோட்டோரம் வைத்து வெள்ளை அடிப்பார். இப்படி மொத்தம் எட்டுக் கல்.

நடுவில் ஒரு வேலிக்காத்தான் நிழலில் உட்கார்ந்தபோது நான் கேட்டுவிட்டேன். "இவ்வளவு பயப்படற நீங்க எப்படி பாவா அவ்வளவு வேகமா ஓட்டறீங்க?"

"அந்தப் பட்டணத்தாரு எங்க நிக்கணும்னு தெரியாம வழி பூராவும் பயந்துகினே வருவாரு. அவரு காலு பாதிதான் மிதிக்கும். எனுக்கு எட்டு எடத்துல மட்டும்தான் பயம். மீதி எடத்துல இன்னாத்துக்கு பயப்படணும்? கல்லு வர்ற வரிக்கும் மிதி. கல்ல பாத்தா நிறுத்து. கண்ண நம்பாத, வேகத்துல அது பொய் சொல்லும்."

இதை இவ்வளவு அழகாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் சொல்லி முடித்துவிட்டு, "அப்டியும் சாவு வந்தா வரும்" என்று சேர்த்துக்கொண்டார்.

எட்டாவது கல் பொதட்டூர்பேட்டைப் புளியமரத்துக்கு நூற்றிருபது அடி முன்னால் விழுந்தது. காலடிக் கணக்கை நான்தான் நோட்டில் எழுதினேன். பக்கத்துக் கழனியில் மண்வெட்டியோடு நின்ற ஒரு விவசாயி எங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டுப் போட்டவனுக்கு உரிய மரியாதை என்று நினைத்து நான் தலையைக்கூட அசைத்தேன்.

மரத்தைத் தாண்டினால் நெசவாளர் தெரு. காலை வேளையில் தறியில் ஏற்றவேண்டிய பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். தெரு வாசலில் இருந்த ஒரு நெசவாளர் எங்களைப் பார்த்ததும் கோபமாக வந்தார்.

"இன்னாமோ ரேசு வுடறீங்களாமே. நூலு ரேஷன் கார்ட வச்சிகினு ரெண்டு மாசம் நின்னு வாங்கின நூலுங்க. ஒரு இழை அறுந்தாலும் எம் புள்ளைங்க வவுத்துல அடிச்ச மாதிரி."

"மரத்துக்கு இந்தாண்டயே திரும்பிடுவோம். உங்க பாவு கிட்டவே வரமாட்டோம். நான் சொல்றன்" என்றார் ஒப்பாரி. இரண்டு நாள் கழித்து ஒரு ஒத்திகை ஓட்டியபோது அதேபோல மரத்தடியில் பூப்போலத் திரும்பியும் காட்டினார்.

பந்தய நாள் காலை மலையடிவாரத்தில் கூட்டம் தாங்கவில்லை. தேங்காய் உடைத்தார்கள். மச்சானின் கார் மாலையும் மரியாதையுமாக மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஒப்பாரி எங்கள் காரின் முன்கண்ணாடியையும் மடக்கிவிட்டார். எனக்கு ஒரு துண்டைக் கொடுத்து மூக்கைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். "பொண்டாட்டி கிட்ட சொல்லிகினியா?" என்று கேட்டார். சொல்லவில்லை என்றேன். "அதுவும் நல்லதுதான்" என்றார்.

கிளம்பியதும் முப்பது குதிரை எங்களைப் புழுதியில் குளிப்பாட்டிவிட்டுப் போயிற்று. நேர்ரோட்டில் அதைப் பிடிக்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஒப்பாரி பழையபடி சாவுக்களையோடு உட்கார்ந்திருந்தார். முதல் கல் வந்தது. பிரேக்கை மிதித்தார், கியரை இறக்கினார், "சாயி!" என்றார். நான் வளைவின் உள்பக்கமாகக் காருக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டேன். வண்டி தரையை விடாமல் வளைந்தது. எதிரே பார்த்தால், பெரிய கார் வளைவில் மாட்டு வண்டி வைக்கோல் போலச் சாய்ந்து, பயந்து, ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது கல்லில் அதன் வாலைத் தொட்டோம். மூன்றாவது கல் ஏரிக்கரைத் திருப்பம். அங்கே மச்சான் அநேகமாக நின்றேவிட்டார். நாங்கள் அவருக்கு உள்பக்கமாகப் புகுந்து போனோம். போகும்போது ஒப்பாரி அவரைப் பார்த்து மரியாதையாகத் தலை குனிந்தார்.

அதற்குப் பிறகு பின்னால் புழுதியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது. ஒவ்வொரு கல்லும் வைத்த இடத்தில் இருந்தது. நான் வாழ்நாளில் அத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை. "பாவா, ஜெயிச்சிட்டோம்! கார் தப்பிச்சிடுச்சு!" என்று கத்தினேன். "வாய மூடு. இன்னும் ஒரு கல்லு கீது" என்றார். ஆனால் அவர் வாயோரம் லேசாக நெளிந்தது. சிரிப்பாக இருந்திருக்க வேண்டும். வேறு எப்போதும் நான் பார்த்ததில்லை என்பதால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

புளியமரம் தெரிந்தது. கல் தெரியவில்லை. மரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒப்பாரியின் கால் பிரேக்கின் மேல் காத்துக்கொண்டிருந்தது, கல் வரவில்லை. வெள்ளையாக அது கண்ணில் பட்டபோது மரத்துக்கு அறுபது அடிகூட இல்லை. அவர் எழுந்து நின்று பிரேக்கை மிதித்தார். நாலு உள்ளங்கையும் கதறின. வண்டி நிற்கவில்லை. எதிரே தெரு நீளத்துக்கு வெள்ளையும் சிவப்புமாகப் பாவு. கஞ்சி பூசிக்கொண்டிருந்த பெண்கள் மட்டையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினார்கள். நேரே விட்டிருந்தால் பாவைக் கிழித்துக்கொண்டு போய்த் தெருவுக்குள் நின்றிருக்கும். நூல்தான், காருக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. திரும்பி வந்து ஜெயித்தும் இருக்கலாம்.

ஒப்பாரி ஸ்டியரிங்கை மரத்துப் பக்கம் ஒடித்தார்.

கண்ணைத் திறந்தபோது நான் ரோட்டில் உட்கார்ந்திருந்தேன். உடம்பில் ஒரு சிராய்ப்பும் இல்லை. கார் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. அதற்குள்ளே ஒப்பாரியின் வலது கால் சிக்கிக்கொண்டிருந்தது. நெசவாளர் ஓடி வந்தார். ஒப்பாரி கேட்ட முதல் கேள்வி, "பாவு அறுந்திச்சா?"

"இல்லீங்க."

"வண்டி?"

ஒப்பாரி கைக்கு எட்டிய பச்சைத் தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு அழுதார். ஒப்பாரி என்று பெயர் வைத்த நாங்கள் யாரும் அதுவரை அவர் அழுது பார்த்ததில்லை.

மச்சான் வந்தார், இறங்கிப் பார்த்தார், "அடப்பாவமே" என்றார். பிறகு பந்தயம் பந்தயம்தான் என்று மரத்தைச் சுற்றிக்கொண்டு நிதானமாகத் திரும்பிப் போய் ஜெயித்தார். நெசவாளர்கள் வண்டி கட்டி ஒப்பாரியைப் படுக்க வைத்துத் திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். வழியெல்லாம் அவர் முனகிக்கொண்டே வந்தார். காலைப் பற்றியாக்கும் என்று குனிந்து கேட்டேன். "எடது கடையாணி ஆடுது. வண்டிக்காரன கொஞ்சம் பாக்கச் சொல்லு" என்றார்.

கல்லை நகர்த்தியவர் மண்வெட்டி விவசாயிதான். நாலாம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து என்னிடம் அழுதார். "நீங்க கோட்டு மாட்டிகினு, நோட்ல எழுதிகினு வந்தீங்க. ரோட்ட அகலம் பண்ண சர்க்கார் கல்லு நட்டுகினு போறாங்கன்னு நெனச்சிட்டங்க. என் கயினி போய்டுமேன்னு மூணு நாளு யோசிச்சிகினு இருந்துட்டு, ராவோட ராவா எங்க பங்காளி கயினியாண்ட உருட்டி உட்டுட்டங்க." அவரை நான் என்ன சொல்ல முடியும்? நான் தலையை வேறு அசைத்திருக்கிறேன். அன்று கழற்றிய கோட்டை அதற்குப் பிறகு நான் போட்டதே இல்லை.

காரின் விதி அதைவிடக் கேவலம். மச்சானின் சினிமாக்காரர்கள் வந்து பார்த்து, ஏற்கெனவே நசுங்கிய காரை உருட்டினால் ஜனங்கள் சிரிப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காயலான் கடைக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். இதை ஒப்பாரியிடம் யார் சொல்வது என்று சீட்டுப் போடாத குறை. கடைசியில் நான்தான் சொன்னேன். "உருட்டலையே. அது போதும்" என்றார். டாக்டர் வந்து, அந்தக் கால் இனி மடங்காது, கார் ஓட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொன்னபோது, என்ன புலம்புவது என்று தெரியாமல் விழித்தார். சாவைத் தவிர வேறு எதற்கும் அவர் தயாராக இருந்ததில்லை போலும்.

காரின் மிச்சத்தை ஏற்றி அனுப்ப நான் பொதட்டூர்பேட்டை போயிருந்தபோது அந்த நெசவாளர் மரத்தடிக்கு வந்தார். அடிமரத்தில் பட்டை உரிந்த இடத்தைக் காட்டினார்.

"நான் இங்கதான் நின்னுகினு இருந்தேன். மரத்துல மோதணும்னு முடிவு பண்ணிட்டாரு, சரி. அப்டியே உட்டிருந்தா நீங்க குந்திகினு இருந்த பக்கம்தாங்க வந்து அடிச்சிருக்கும். கடைசில கைபிரேக்க வலிச்சி வண்டிய குறுக்கால திருப்பிட்டாரு. தன் பக்கத்த குடுத்தாருங்க."

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் ஒன்று துருப்பிடித்திருப்பதைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவா, என் பக்கம்தானே அடிச்சிருக்கணும்? நீங்க ஏன் திருப்பினீங்க?"

"நான் எங்க திருப்பனேன்? கை வழுக்கிச்சி" என்று சொல்லிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டார். "நேரமாவுதுபா, ஊட்டுக்கு போ. புள்ளைங்க காத்துகினு கெடக்கும்."

கை வழுக்குகிற மனிதரா அவர்? உயிரைவிடப் பெரிதாக நினைத்த கார் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்த அந்த அரை நொடியில், பக்கத்தில் ஒரு டைப்பிஸ்ட் உட்கார்ந்திருப்பது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. என்னைப் பெற்றவர்களுக்குப் பிறகு அவரைப்போல என்னை யாரும் நினைத்ததில்லை.